ஆறு முதல் பத்து வரை

துறைமுக விடுதி, அறை எண் 14
ஜூலை 3

இங்கிலீஷ்காரிக்கு,

நீ நலமா என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஒன்றரை வருஷமாக உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. நீயும் நானும் மறுபடி பேசுவோம் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் வீடு பற்றி எரியும்போது வாளி யார் கையில் இருக்கிறதோ அவர்களைத்தானே கூப்பிட வேண்டும்.

உன் அண்ணன் போன கப்பல் முப்பதாம் தேதி முழுகியது உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்கு நேற்றுத்தான் தெரியும். மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்றான். "ரெண்டு செட் துணி எடுத்துக்குங்கம்மா, எல்லாக் குடும்பத்தையும் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றான். கல்யாண வீட்டுக்கு அழைப்பவன் மாதிரி சிரித்த முகம். காலர் பாதியில் நிற்கிறது. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றக்கூடத் தோன்றாமல் வந்து சேர்ந்துவிட்டேன்.

கப்பலில் இருபத்திரண்டு பேர். இங்கே எங்களை நாற்பது பேரைப் படுக்கைக்குப் படுக்கை அடைத்திருக்கிறார்கள். என் பக்கத்துக் கட்டிலில் கப்பல் சமையல்காரரின் மனைவி. தினமும் மாலை நாலு மணிக்குக் கீழே உள்ள பலகையில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள். எல்லாம் இங்கிலீஷ். வார்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். நேற்றைய தாளில், கப்பல் ஆட்களில் "சம்" பேரை மீட்டுவிட்டார்கள் என்று இருந்ததாம். "சம்னா எத்தனை சார்?" என்று கேட்டேன். "சிலர்" என்றார். "சிலர்னா எத்தனை?" என்றேன். "சிலர்னா சிலர்தாம்மா" என்றார். இப்படி ஒரு அளவை வைத்துக்கொண்டு நான் ஒரு ஜாக்கெட் தைத்திருந்தால் பிழைத்திருப்பேனா?

அந்தத் தாளை டைப் அடித்து அனுப்புகிறவள் நீ என்று எனக்குத் தெரியும். கம்பெனி வெளியிடுகிற ஒவ்வொரு வரியும் உன் கை வழியாகத்தான் போகும் என்று உன் அண்ணன் பெருமை அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அந்த "சம்"முக்குள் அவர் இருக்கிறாரா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது. விடுதி போன் உங்கள் ஆபரேட்டர் வழியாகத்தான் போகிறது, அதில் பேச முடியாது.

அவருக்குக் கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்தவள் நீதானே என்று இப்போது சொல்லிக் காட்ட மாட்டேன். அதை அன்றைக்கே வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்லியாயிற்று.

உன் அண்ணி


தலைமை அலுவலகம்
ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் பிரித்தேன். நான்கு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். தெரியவில்லை, அண்ணி. சத்தியமாகத் தெரியவில்லை. அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் ஐந்து பேரைத் தூக்கியிருப்பதாக டெலக்ஸ் வந்தது. பெயர் இல்லை. அந்தக் கப்பல் கரைக்கு வர இன்னும் சில நாள் ஆகும். ரேடியோவில் பெயர் கேட்டிருக்கிறோம். வந்தவுடன் உங்களுக்குத்தான் முதலில் எழுதுவேன்.

ஐந்து என்று தெரிந்தும் ஏன் "சம்" என்று போட்டாய் என்று கேட்பீர்கள். இதை வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மேனேஜர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. விபத்து, வேலைநிறுத்தம், சரக்குச் சேதம் எதுவானாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டு என்றால் "எ கப்பிள்". மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் "எ ஃபியூ". ஆறு முதல் பத்து வரை "செவரல்". எண்ணிக்கை உறுதியாகத் தெரியாவிட்டாலோ, தெரிந்தும் சொல்ல விருப்பம் இல்லாவிட்டாலோ "சம்". முதல் நாள் டெலக்ஸ் உறுதியாகாததால் "சம்" போட்டோம். நாளைய தாளில் "எ ஃபியூ" என்று மாறும். அதைப் பார்த்து ஆட்கள் குறைந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம். ஐந்து பேர் உறுதி என்றுதான் அதற்கு அர்த்தம்.

"ஃபியூ" என்று மட்டும் தனியாக எழுத எங்களுக்கு அனுமதியே கிடையாது. மூன்று பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "எ ஃபியூ" என்றால் மூன்று பேராவது இருக்கிறார்கள். முன்னால் இருக்கும் அந்தத் துளி "எ"யை எடுத்துவிட்டால் மூன்றே பேர்தானா என்று ஆகிவிடும். நாம் ஒரு "தான்" போட்டு அழுவதை அவர்கள் ஒரு "எ"யை எடுத்துவிட்டு அழுகிறார்கள். நேரம், நம்பிக்கை, தண்ணீர் மாதிரி எண்ண முடியாதவற்றுக்கு "லிட்டில்" என்று ஒரு சொல். அதற்கும் இதே கதைதான். "எ லிட்டில்" நம்பிக்கை என்றால் விளக்கில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. வெறும் "லிட்டில்" என்றால் திரி கருகுகிறது. அளவு ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு. பதினோரு வருஷமாக இதைத்தான் செய்து சம்பளம் வாங்குகிறேன். "எண்ணைச் சொன்னா எண்ணிப் பாப்பாங்க, சொல்லைச் சொன்னா நம்பிப் பாப்பாங்க" என்பார் மேனேஜர்.

தேடுவதை நிறுத்தவில்லை. இரண்டு விமானம், மூன்று கப்பல். தினமும் காலையில் கம்பெனி ஒரு கோரிக்கைத் தாள் அனுப்பினால்தான் துறைமுகத் தேடல் அதிகாரி விமானத்தை மேலே அனுப்புவார். அந்தத் தாளையும் நான்தான் அடிக்கிறேன்.

அண்ணன் தானாகக் கேட்டுத்தான் நான் ஆள் எடுக்கும் பிரிவில் போய்ப் பேசினேன். இதை நீங்கள் அன்றைக்கும் நம்பவில்லை. "இந்த ஒர்க்‌ஷாப் கரியிலேயே சாகணுமா, ஒரு தடவை கடலைப் பாத்துட்டு வர்றேனே" என்றார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். எனக்கும் வலிக்கிறது அண்ணி.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


துறைமுக விடுதி, அறை எண் 14
ஜூலை 7

இங்கிலீஷ்காரிக்கு,

கிழிக்கவில்லை. அது மட்டும் இல்லை, உன் ரகசியம் இப்போது நாற்பது பேருக்குத் தெரியும். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

நேற்று நாலு மணிக்குப் பலகையில் "எ ஃபியூ" என்று வந்தது. வார்டன் அதை வாசித்துவிட்டு, அதற்கும் "சிலர்" என்றுதான் அர்த்தம் சொன்னார். அந்த மனிதருக்கு எல்லாமே சிலர்தான். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். "இல்ல, இது அஞ்சு. நேத்துவரைக்கும் உறுதி இல்லாதது இன்னிக்கு உறுதி ஆயிருக்கு" என்று சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நாலு மணி ஆனால் வார்டனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீ அனுப்பிய அளவுக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி என் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். கேப்டனின் அப்பா, அத்தனை படித்தவர், ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து அதை வாசித்துவிட்டுப் போகிறார்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். நாங்கள் சும்மா இருந்த இரண்டு நாளும் ஒரே ஒரு விமானம்தான் போனது. நாலாம் தேதி காலையில் எல்லாருமாகப் போய்த் துறைமுக வாசலில் லாரிகளை மறித்து உட்கார்ந்தோம். மதியத்துக்குள் இரண்டாவது விமானம் கிளம்பியது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இவர்கள் விஷயத்தில் அப்பட்டமான உண்மை. அதனால் தினமும் காலை ஏழு மணிக்குப் போய்விடுகிறோம். வெயிலில் உட்கார்ந்து விமானச் சத்தத்தை எண்ணுகிறோம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தேடுவது நின்றால் அந்த வாசலில் ஒரு லாரிகூட நகராது, இதை உன் மேனேஜரிடம் சொல்.

வீரம் பேசுகிறேனே தவிர, உள்ளே ஒன்றும் இல்லை. நேற்று மாலை பலகையைப் பார்த்த பிறகு, இருபத்திரண்டில் ஐந்து போனால் பதினேழு என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்து, கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்தின் முனைக்கு, கப்பலைக் கயிற்றால் கட்டுகிற கடைசிக் கல்லுக்குப் போய்விட்டேன். கீழே தண்ணீர் எண்ணெய் படிந்து கறுப்பாகக் கிடந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சமையல்காரர் மனைவி தேடிக்கொண்டு வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "உன் வீட்டுக்காரர் திரும்பி வந்து எங்கே அவன்னு கேட்டா நான் என்னடி சொல்றது?" என்று கத்தினாள். அவளாலும் இன்னும் எத்தனை நாள் என்னை இழுக்க முடியும் என்று தெரியவில்லை.

உன் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. உன்னை நம்பவில்லை. அந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாளை நம்புகிறேன். அதை மட்டும் மாற்றிவிடாதே.

உன் அண்ணி


தலைமை அலுவலகம்
ஜூலை 9

அண்ணி,

பாலத்தின் முனைக்குப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். காலில் விழுந்து கேட்கிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இன்றைய தாளைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். "செவரல்" என்று இருக்கும். ஆமாம், ஆறு முதல் பத்து வரை. டெலக்ஸ் நானே பார்த்தேன். பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் ஆட்கள் கூடியிருக்கிறார்கள் அண்ணி, இன்னும் கூடுவார்கள்.

சாப்பிடுங்கள். தூங்குங்கள். சமையல்காரரின் மனைவியை உங்கள் பக்கத்திலேயே படுக்கச் சொல்லுங்கள். வேறு எதுவும் எழுத வரவில்லை.

உங்கள் நாத்தனார்


துறைமுக விடுதி, அறை எண் 14
ஜூலை 11

என் அருமை நாத்தனாருக்கு,

இப்படி உன்னை அழைத்து எத்தனை நாளாயிற்று! அழைக்கும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்பதாம் தேதி நாலு மணிக்கு இங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வார்டன் "செவரல்" என்று வாய் திறந்ததும் இருபது குரல் ஒன்றாகக் கத்தியது, "ஆறு முதல் பத்து!" பாவம் மனிதர், கண்ணாடி கீழே விழுந்து ஒரு கண் விரிசல். கேப்டனின் அப்பா சின்னக் குழந்தை மாதிரிக் கை தட்டினார். ஐந்து என்பது ஒரே நாளில் எட்டோ ஒன்பதோ ஆகிறதென்றால் மிச்சப் பேரும் எங்கேயோ ஒரு படகில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? நேற்று உன் கடிதமும் வந்து சேர்ந்தது. டெலக்ஸ் நானே பார்த்தேன் என்று நீ எழுதியிருந்ததை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

வந்த ஒன்பது நாளில் நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். தலைக்குக் குளித்தேன். மொட்டை மாடியில் நின்று முடியை உலர்த்தினேன். காற்று நன்றாக இருந்தது. வாசலில் உட்காரப் போக வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். "தேடுறவங்க அவங்க வேலையைப் பாக்கிறாங்க. நம்ம ஒரு நாள் தூங்குவோமே" என்று நான்தான் சொன்னேன். நேற்றும் இன்றும் யாரும் வாசலுக்குப் போகவில்லை. கம்பெனி ஒரு பஸ் விட்டது. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று பாதிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உன் அண்ணன் இறங்கும்போது நான் கரையில் இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்று இருந்துவிட்டேன்.

உன் மேல் போட்ட பழியை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர் உன்னிடம் வேலை கேட்டது எனக்கு அன்றைக்கே தெரியும். என்னை விட்டுவிட்டுப் போக அவருக்கே ஆசை இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள முடியாமல்தான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். புருஷன் மேல் வந்த கோபத்தை நாத்தனார் மேல் காட்டுவது எல்லாருக்கும் சுலபம், எனக்கு இன்னும் சுலபம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நேற்றுக் காலையிலிருந்து விமானச் சத்தம் கேட்கவில்லை. காற்று மாறி அடிப்பதால் வேறு வழியாகப் போகிறார்களா?

உன் அண்ணி


தலைமை அலுவலகம்
ஜூலை 12

அண்ணி,

இந்தக் கடிதத்தை வாசித்தவுடன் வாசலுக்குப் போங்கள். யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை அங்கே உட்கார்ந்து வாசியுங்கள்.

தேடலை நிறுத்திவிட்டார்கள். பத்தாம் தேதி காலைக் கோரிக்கைத் தாளை என்னிடம் அடிக்கக் கொடுக்கவில்லை. மேனேஜரே கையால் எழுதி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். நேற்றும் கொடுக்கவில்லை. இன்று உங்கள் கடிதத்தில் கடைசி வரியைப் பார்த்ததும் எழுந்து போய்க் கேட்டேன். "அதான் குடும்பங்கள் எல்லாம் அமைதி ஆயிட்டாங்களே, இன்னும் எதுக்கு?" என்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

அவர்களை அமைதியாக்கியது நான்.

ஐந்துதான் அண்ணி. என்றைக்கும் ஐந்துதான். ஒருவர்கூடக் கூடவில்லை. டெலக்ஸ் எதுவும் வரவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் உங்கள் கடிதம் வந்தது. பாலத்தின் முனை என்ற வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். மதியம் வழக்கம்போல் "எ ஃபியூ" என்று அடிக்கத் தாளை மாட்டினேன். "செவரல்" என்று அடித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லவில்லை. அவர் வாசித்தார், என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

ஒரே ஒரு நாள் நீங்கள் உயிரோடு இருந்தால் போதும், அதற்குள் நிஜமாகவே இன்னும் இரண்டு பேர் கிடைத்துவிடுவார்கள், பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் சொல்லை இழுத்துச் சுருக்கிப் பழகிய கை. ஆள் எண்ணிக்கையையும் அப்படி இழுக்கலாம் என்று நினைத்துவிட்டது. நாற்பது பேருக்கும் அந்த அளவுக் கணக்கு தெரியும் என்று நீங்கள் எழுதியிருந்தது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. கணக்குத் தெரியாதவர்களாக இருந்திருந்தால் "செவரல்" என்பதைச் சிலர் என்று வாசித்துவிட்டு, மறுநாளும் வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தாளை உங்கள் கையில் கொடுத்தவளும் நான், அந்தத் தாளுக்குள் ஒளிந்துகொண்டு பொய் சொன்னவளும் நான். என்னை நம்பவில்லை, தாளைத்தான் நம்புகிறேன் என்று எழுதினீர்களே. அதனால்தான் நம்பினீர்கள்.

இன்னும் இருக்கிறது. இன்று காலையில் ஐந்து பெயரும் வந்துவிட்டன. அண்ணன் பெயர் இல்லை. சமையல்காரரும் இல்லை. கேப்டன் இல்லை.

அழாதீர்கள், இதைக் கேளுங்கள். எட்டாம் தேதி ஒரு விமானி தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதப்பதைப் பார்த்திருக்கிறார். ரப்பர் மிதவையாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சுற்றி வந்து பார்க்கும்போது அலையில் காணவில்லை. "உறுதி இல்லை" என்று அந்த அறிக்கையைக் கோப்பில் போட்டு மூடிவிட்டார்கள். இடம், நேரம், திசை மூன்றையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அந்த மிதவையில் குடிதண்ணீர் டப்பா இருக்கும், மழையும் பெய்திருக்கிறது. பதினான்கு நாள்வரை பிழைத்தவர்கள் உண்டு. இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள்.

இந்தக் கடிதத்தைத் தேடல் அதிகாரியிடம் காட்டுங்கள். பத்திரிகைக்காரர்களிடம் காட்டுங்கள். கீழே என் பதவியோடு கையெழுத்துப் போட்டு ஆபீஸ் முத்திரையும் குத்தியிருக்கிறேன். வேலை போகும், போகட்டும். ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன். கத்துங்கள் அண்ணி. லாரியின் முன்னால் படுங்கள். எப்படியாவது அந்த விமானத்தை மேலே ஏற்றுங்கள்.

உங்கள் நாத்தனார்


துறைமுக விடுதி, அறை எண் 14
ஜூலை 16

நாத்தனாருக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறுக்கே அழுதால் எழுதி முடிக்க முடியாது.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி காலை பத்தரைக்கு வந்தது. விடுதியில் பத்தொன்பது பேர் இருந்தோம். நீ சொன்னபடி வாசலுக்குப் போய் உட்கார்ந்து, மீதியை அங்கே சத்தமாக வாசித்தேன். "செவரல்" என்று நீ அடித்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். சமையல்காரர் மனைவி என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கி மீதியை வாசித்தாள். தன் புருஷன் பெயர் இல்லை என்ற வரியையும் அவளே வாசித்தாள். வாசித்து முடித்ததும் யாரும் உன்னைத் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. கேப்டனின் அப்பா போய் முதல் லாரியின் சக்கரத்துக்கு முன்னால் படுத்தார். அவர் வயசுக்கு அவரைத் தூக்கி ஓரம் போட யாருக்கும் துணிவு வரவில்லை.

தேடல் அதிகாரி முதலில் வெளியே வரவே இல்லை. மாலையில் பத்திரிகைக்காரர்கள் வந்து உன் முத்திரையைப் படம் பிடித்தார்கள். அதன் பிறகுதான் வந்தார். விமானி எழுதியது அவர் கண்ணுக்கே வரவில்லையாம், உங்கள் ஆபீசோடு நின்றுவிட்டதாம். "காலையில முதல் வெளிச்சத்துல ஏத்துறேம்மா" என்றார். சொன்னபடி ஏற்றினார். பதினாலாம் தேதி பகல் ஒன்றேகாலுக்கு மிதவையைக் கண்டுபிடித்தார்கள். நீ எழுதிக் கொடுத்த இடத்திலிருந்து தெற்கே தள்ளிப் போயிருந்தது.

மூன்று பேர் இருந்தார்கள். சமையல்காரரும் எலக்ட்ரீஷியனும் உயிரோடு இருந்தார்கள். உன் அண்ணன் இல்லை.

இருந்தார், ஆனால் இல்லை. கடலில் விடாமல் பெல்ட்டால் தங்களோடு கட்டி வைத்திருந்தார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் சமையல்காரரைப் பார்த்தேன். உதடு முழுக்க வெடித்திருக்கிறது, பேசினால் ரத்தம் வருகிறது. பேச வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "பிளேன் சத்தம் கேட்டவரைக்கும் அவன்தாம்மா எங்களுக்குத் தைரியம் சொன்னான். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குப் பாத்திடுவாங்க, மூடியில தண்ணி அளந்து குடிங்கன்னு திட்டுவான். தன் பங்கைக்கூட எனக்குக் கொடுத்தான். பத்தாம் தேதி சத்தம் நின்னுச்சு. மறுநாளும் கேக்கல. அப்புறம் அவன் எங்ககிட்டப் பேசல. பன்னெண்டாம் தேதி உச்சி வெயில்ல போயிட்டான்."

பன்னிரண்டாம் தேதி. நீ எனக்கு அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அவர் சத்தம் கேட்காமல் காது கொடுத்துக் கிடந்த பத்தாம் தேதி நான் மொட்டை மாடியில் முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். காற்று நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேன்.

உன்னைக் கொன்றுவிட வேண்டும் என்று இருந்தது. இப்போதும் சில நேரம் இருக்கிறது. ஆனால் கணக்கு என்னிடமும் வந்து நிற்கிறது. அட்டையில் எழுதி ஒட்டியவள் நான். ஒரு நாள் தூங்குவோமே என்று சொன்னவள் நான். பஸ் ஏறிப் போனவர்களுக்கு வழியில் சாப்பிடப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவளும் நான். பாலத்தின் முனைக்குப் போனதை உனக்கு எழுதியதில், கொஞ்சம் உன்னைப் பயமுறுத்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பயந்துவிட்டாய்.

ஐந்தும் இரண்டும் ஏழு. நீ பலகைக்கு அனுப்பிய சொல் இப்போது பொய் இல்லை. நேற்று நாலு மணித் தாளில் அதையேதான் மறுபடி ஒட்டியிருந்தார்கள். உன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து அடித்திருப்பார்கள். நான் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, ஏழு என்று எண்ணில் எழுதினேன். அதன் கீழே இல்லாதவர்கள் பதினைந்து பேரின் பெயரையும் எழுதினேன். வார்டன் தடுக்கவில்லை.

சமையல்காரரின் மனைவி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அந்தக் கடிதம் வராவிட்டால் இந்த இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று அழுதாள். எலக்ட்ரீஷியனின் தங்கையும் சொன்னாள். அவர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டேன். என் பங்குக்குச் சொல்ல இப்போது என்னிடம் எதுவும் இல்லை. பிறகு வருமா என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

இப்போது நீ இங்கே வர வேண்டும். பதினான்கு நாள் வெயிலும் உப்பும் சேர்ந்ததில் முகம் முகமாக இல்லை. மனைவி கையெழுத்து மட்டும் போதாது, ரத்த உறவு ஒருவர் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அவருக்கு ரத்த உறவு என்று உலகத்தில் நீ ஒருத்திதான். பத்தொன்பதாம் தேதி வரை வைத்திருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கக் கட்டிடத்துக்கு வா. நான் முந்தாநாளே பார்த்துவிட்டேன். இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே உள்ள பழைய தீக்காயத் தழும்பைப் பார், அது அப்படியே இருக்கிறது. முகத்தைப் பார்க்காதே.

நான் வாசலில் நிற்பேன். உன்னோடு பேசுவேன் என்று நினைத்து வராதே, என்னால் முடியாது. ஆனால் அந்த அறைக்குள் என்னைத் தனியாகத்தான் அனுப்பினார்கள். உன்னை அப்படி அனுப்ப விடமாட்டேன். கூட வருவேன்.

உன் அண்ணி